படமாகாத வியாழன்

கிள்ளான்,
26 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய ஜெய்னுதீன் பாய் அவர்களுக்கு,

கிள்ளானிலிருந்து சபாபதி எழுதுகிறேன். உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் ஓரமாகத் தூக்கி வைத்துவிடாமல் பிரித்திருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. நீங்களும் காத்தூன் பீவி அக்காவும் மகள் ருக்சார் வீட்டில் சுகமாக இருக்க வேண்டும். பெர்த்தில் இப்போது குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுதுங்கள்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அதில் எழுதினால் எழுதி எழுதி அழித்துக்கொண்டே இருப்பேன். அழிப்பதில் எனக்கு இருக்கும் வேகம் உங்களுக்குத் தெரியாததா? அதனால்தான் பேனா.

மே மாதம் சீதாலெட்சுமி இறந்தபோது நீங்கள் மூன்று முறை அழைத்தீர்கள். மூன்று முறையும் போன் என் கையில்தான் இருந்தது. மணி அடங்கும்வரை உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் அழுதுவிடுவேன் என்ற பயம் ஒரு பக்கம், எந்த முகத்தோடு பேசுவது என்ற வெட்கம் ஒரு பக்கம். பிறகு அக்கா எழுதி அனுப்பியிருந்ததை மகள் மலர்விழி படித்துக் காட்டினாள். அதற்கும் நான் பதில் போடவில்லை. துக்கத்தில் இருக்கிறான் என்று நீங்கள் விட்டிருப்பீர்கள்.

அந்தச் சனிக் கிரகப் படத்தின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2022இல் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் வைத்த கண்காட்சியில் அதன் கீழே என் பெயர் மட்டும் இருந்தது. டெலஸ்கோப் பக்கத்தில் நின்று எடுத்தது நான்தான். ஆனால் கடை சாத்திய பிறகு துணி மூட்டைகளுக்கு நடுவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான படங்களில் நல்லதைப் பொறுக்கி அடுக்கி, அந்த வளையத்தை வரவழைத்தது நீங்கள். படிவத்தில் பெயர் எழுத ஒரு வரிதான் இருந்தது என்று அன்று உங்களிடம் சொன்னேன். ஒரு வரியில் இரண்டு பெயர் எழுத முடியாதா என்று சீதா வீட்டுக்கு வரும் வழியிலேயே கேட்டாள். போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று அதன் பிறகும் எத்தனையோ முறை சொன்னாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்று, நீங்கள் கடையை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது, பாய். மன்னித்துவிடுங்கள்.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. துக்க வருடம் என்பதால் எங்களுக்குத் தீபாவளி இல்லை. பக்கத்து வீட்டு லோகன் மட்டும் ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து, கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலில் நின்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆனால் இடியும் மழையும்தான். எப்போதாவது எட்டு மணி வாக்கில் வானம் திறந்தால் சனி கிழக்கே நன்றாக ஏறி நிற்கிறது. இந்த வருடம் வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் மெல்லிய கோடாகத்தான் தெரிகிறது. இரண்டு தடவை டெலஸ்கோப்பை வீட்டுக்குப் பின்னால் திடலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். போய், படம் எடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். நாம் முதலில் போனை டெலஸ்கோப்பின் கண்ணாடியில் மாட்டி எடுத்தோமே, 2020, 2021 வீடியோக்கள், அவை ஏதாவது உங்கள் பழைய டிஸ்க்கில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது புதிய மென்பொருள் வந்திருக்கிறது. அதில் போட்டால் பழைய வீடியோவிலிருந்தும் நல்ல படம் எடுக்கலாம் என்கிறார்கள்.

மென்பொருள் என்று மேலே எழுதியது பொய், பாய். அடித்துவிட்டு எழுதினால் தாள் அசிங்கமாகும் என்று அப்படியே விடுகிறேன். எனக்குப் படம் எதுவும் வேண்டாம். சீதாவின் குரல் வேண்டும்.

அவளுக்கு வந்த நோய் பற்றி உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. ஜனவரியில் குரல் கம்மியது. சளி என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்தாள், மஞ்சள் பால் குடித்தாள். பிப்ரவரியில் படம் எடுத்துப் பார்த்தபோது நுரையீரலில் கட்டி, அது குரலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு மூன்று மாதம் அவளிடமிருந்து வந்தது வெறும் காற்றுதான். கையுறை ஆலையில் இருபத்தாறு வருடம் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். அவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் லோகன் வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவள் என் காதருகே வாயை வைத்துத் தண்ணீர் கேட்டாள்.

இப்போது எனக்கு நடப்பது என்னவென்றால், அவள் பேசியதாக எதை நினைத்தாலும் அந்தக் கடைசி மூன்று மாதக் காற்றுச் சத்தத்தில்தான் ஞாபகம் வருகிறது. கல்யாணமான புதிதில் சொன்னதும் அந்தக் குரலில் வருகிறது, சண்டை போட்டதும் அந்தக் குரலில் வருகிறது. பழைய குரலை இழுத்துப் பார்க்கிறேன், வரவில்லை. முப்பத்து மூன்று வருடம் காதில் விழுந்த குரல் மூன்று மாதத்தில் போய்விடும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். முகத்துக்குப் படம் இருக்கிறது, புடவைக்கு அலமாரி இருக்கிறது, குரலுக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். போன மாதம் மலர்விழி சுங்கை பூலோவிலிருந்து வந்தவள், இதையேதான் கேட்டாள். அவளுக்கும் மறந்துகொண்டு வருகிறதாம், சொல்லிவிட்டு அழுதாள். இருவரும் உட்கார்ந்து தேடினோம். அவள் கல்யாண வீடியோவில் முதலிலிருந்து கடைசிவரை நாதஸ்வரமும் பாட்டும்தான் ஓடுகிறது. சீதா வாயசைத்து யாரையோ திட்டுகிறாள், சத்தம் இல்லை. மலர்விழியின் பழைய போனும் கம்ப்யூட்டரும் 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் வீட்டோடு போயின. சீதா வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பும் பழக்கம் இல்லாதவள். புள்ளியும் இல்லாமல் நிறுத்தமும் இல்லாமல் நீளமாகத் தட்டி அனுப்புவாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் மலர்விழி, திடலில் எடுத்த வீடியோவில் அம்மா பேசியிருப்பாங்களே என்றாள்.

உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நம்மிடம் மோட்டார் கிடையாது. பூமி சுற்றுகிற வேகத்துக்கு நாற்பது வினாடியில் கிரகம் கண்ணாடியின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறிவிடும். நான் குழாயைத் தள்ளிப் பிடிக்க வேண்டும், யாராவது ஒருவர் போன் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது சீதாவின் வேலை. வந்துட்டாரு, நடுவுல இருக்காரு, போறாரு, போறாரு, போயிட்டாரு என்பாள். குரு பகவானை ‘அது’ என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. சனியைப் பார்க்கும்போது கோயிலில் நிற்பது போலவே திரைக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று எட்டிப் பார்ப்பாள். போனில் வருகிற சனிக்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்டதற்கு, போன்ல வந்தாலும் சனி சனிதான் பாய் என்றாள்.

ஒவ்வொரு வீடியோவிலும் அந்தக் குரல் இருந்தது. நான் என்ன செய்தேன் என்று மலர்விழிக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒரு வீடியோவில் ஆயிரத்துக்கு மேல் படம் இருக்கும், காற்று நடுங்காத நேரத்தில் விழுந்த சில நூறை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே ஒரு தெளிவான படம் கிடைக்கும், படம் வந்த பிறகு வீடியோ குப்பை, இடத்தை அடைக்கும், அழித்துவிடுவோம் என்று சொன்னேன். சத்தம் என்ன ஆகும் என்று கேட்டாள். அடுக்கும் மென்பொருளுக்குச் சத்தம் வேண்டியதில்லை, அதைத் திறந்துகூடப் பார்க்காது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீங்கள் பார்க்க வேண்டாம், பாய்.

என் கம்ப்யூட்டரில் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருக்கின்றன. வியாழனின் பட்டைகள், சிவப்புப் புள்ளி, சனியின் வளையத்தில் இருக்கும் இடைவெளி எல்லாம் தேதி வாரியாக, பெயர் போட்டு. முப்பத்திரண்டு வருடம் போர்ட் கிள்ளானில் எந்தக் கண்டெய்னர் எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்தவன் நான். காலி இடம் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஒரு வீடியோகூட மிச்சம் வைக்கவில்லை. போனில் இருந்ததை மறுநாள் காலையிலேயே அழித்தேன்.

நீங்களும் படம் வந்ததும் அழிப்பவர்தான். ஆனால் உங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அடுக்கிப் பார்த்துச் சரியாக வராத வீடியோவை, பிறகு பார்க்கலாம் என்று தனியாக ஒதுக்கி வைப்பீர்கள். துணிக்கடைக்காரர் துண்டுத் துணியைக்கூடத் தூக்கிப் போட மாட்டார் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். அந்தத் துண்டுகள் எங்காவது இருக்கிறதா, பாய்? கை பட்டது, ஆடியது, மேகம் மறைத்தது, எதுவானாலும் சரி. கிரகம் தெரிய வேண்டாம். அவள் ‘போறாரு’ என்று சொல்வது மட்டும் கேட்டால் போதும்.

இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடுங்கள். உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் வராது. ஆண்டவன் உங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வைத்திருக்கட்டும்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
சபாபதி


கிள்ளான்,
11 ஜனவரி 2026

அன்புள்ள ஜெய்னுதீன் பாய்க்கு,

‘மதிப்பிற்குரிய’ என்று எழுதியதற்கு நீங்கள் திட்டி அனுப்பிய செய்தி கிடைத்தது. திரும்பவும் உங்களிடம் திட்டு வாங்குவது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அக்காவுக்கு முழங்காலில் ஊசி போட்டது கேட்டும் மனது நிம்மதியானது. படி ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் டிஸ்க்கைத் தேடி, துணி மாதிரிகள் கட்டி வைத்திருந்த பெட்டியின் அடியில் கண்டெடுத்து, அதற்கு வயர் கிடைக்காமல் கடை கடையாக ஏறி இறங்கியதையெல்லாம் ருக்சார் மலர்விழிக்கு எழுதியிருந்தாள். மூன்று வருடம் பேசாதவனுக்காக இந்த வயதில் இப்படி அலைந்திருக்கிறீர்கள். நன்றி என்று எழுதினால் அதற்கும் திட்டுவீர்கள், ஆகையால் எழுதவில்லை.

அந்தக் கோப்பு வந்த அன்று உங்கள் செய்தியும் கூடவே வந்தது. “சபா, ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆறு நிமிசம். மொத நிமிசம் மட்டும் கேளுங்க, போதும். அப்புறம் வெறும் கறுப்புதான் ஓடுது” என்று சொல்லியிருந்தீர்கள். தேதியைப் பார்த்ததும் எனக்கு எந்த நாள் என்று தெரிந்துவிட்டது. 2021, தீபாவளி முடிந்த சனிக்கிழமை. நீங்களும் அக்காவும் கொமியுட்டர் ரயிலில் வந்து சாப்பிட்டுவிட்டு, நாலு பேருமாகத் திடலுக்குப் போனோம்.

மலர்விழியை வரச் சொல்லி, அவள் வரும்வரை திறக்காமல் வைத்திருந்தேன். இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டோம். முதலில் என் சத்தம்தான். “யாரு தட்டுனது? ஆடுது பாரு” என்று எரிந்து விழுகிறேன். “நான் இல்லலா, காத்து” என்கிறாள் சீதா. பிறகு வியாழன் ஓரத்தில் நுழைகிறது, ஆடுகிறது, மங்கிப் போகிறது. “வந்துட்டாரு. நடுவுல. நடுவுல. போறாரு, போறாரு. போயிட்டாருங்க.”

அவள்தான், பாய். அந்த உரத்த குரல், அதில் லேசான கரகரப்பு, ‘போயிட்டாருங்க’ என்பதில் ‘ங்க’வை இழுப்பது. மலர்விழி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் திரும்ப வைத்தேன், திரும்ப வைத்தேன். எத்தனை முறை என்று தெரியாது. மதியம் வந்தவள் விளக்கு வைக்கிற நேரம்வரை இருந்து, முதல் நிமிடத்தை மட்டும் தன் போனில் ஏற்றிக்கொண்டு சுங்கை பூலோவுக்குக் கிளம்பினாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

ஒன்பது நாள் உங்கள் சொல்லைக் காப்பாற்றினேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், ஒரு நிமிடம் கேட்டு நிறுத்திவிடுவேன். பத்தாம் நாள் பாத்திரம் தேய்க்கும்போது போனைத் தொட்டி ஓரத்தில் வைத்து ஓடவிட்டேன். அவள் சொல்லி முடித்ததும் நிறுத்தப் போனால் இரண்டு கையிலும் சோப்பு நுரை. கையைக் கழுவித் துடைப்பதற்குள் அது பாட்டுக்கு ஓடியது.

பேட்டரி தீரப் போகிறது, வீட்டிலிருந்து சார்ஜர் எடுத்து வருகிறேன், வாங்க பாய் என்று நான் சொல்வது கேட்கிறது. நாம் இருவரும் புல்லில் நடந்து போகிறோம். வீடியோ ஓடிக்கொண்டிருப்பதை நான் மறந்துவிட்டேன். திரை கறுப்பாக நிற்கிறது, பூச்சி கத்துகிறது, தூரத்தில் ஒரு லோரி போகிறது. பிறகு காத்தூன் பீவி அக்கா சீதாவிடம், உனக்கு இந்தக் கிரகம் பார்க்கிறதெல்லாம் பிடிக்குமா என்று கேட்கிறார்.

அவள் சொன்னதை நான் மாற்றாமல் எழுதுகிறேன். நீங்கள் ஏற்கெனவே கேட்டதுதான், ஆனாலும் என் கையால் எழுத வேண்டும் போல் இருக்கிறது.

“எங்கக்கா. எனக்கு குருவும் தெரியாது, சனியும் தெரியாது. கொசுக்கடி வேற. வீட்ல இந்த மனுசன் வாயே தொறக்க மாட்டாரு. போர்ட்லேருந்து வந்தா பேப்பரு, சாப்பாடு, தூக்கம். இங்க வந்து நின்னாதான், சீதா வந்துட்டானா, சீதா பாரு, சீதா எங்க இருக்கான்னு நூறு வாட்டி பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. அதுக்குத்தான் வர்றேன்.”

அக்கா சிரிக்கிறார். அவளும் சிரிக்கிறாள். அதற்குப் பிறகு இருவரும் கோழிக்குழம்பு பற்றிப் பேசுகிறார்கள். அப்புறம் நம் காலடிச் சத்தம். “அடடா, ரெக்கார்டு ஓடிக்கிட்டே இருக்கு பாரு, வேஸ்ட்” என்று நான் சொல்வதோடு முடிகிறது.

வெறும் கறுப்பு என்று ஏன் எழுதினீர்கள் என்று அப்போது புரிந்தது. நீங்கள் முழுவதையும் கேட்டுவிட்டு, இவனுக்கு இது வேண்டாம் என்று மறைத்திருக்கிறீர்கள். வெட்டி எறிந்துவிட்டு ஒரு நிமிடத்தை மட்டும் அனுப்பியிருக்கலாம், அதையும் செய்ய உங்களுக்கு மனம் வரவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை, பாய். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுத வேண்டும். 2022 மார்ச்சில் மோட்டார் வாங்கினேன். கிரகத்தைத் தானே பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகும், தள்ள வேண்டாம், யாரும் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். பெட்டியைப் பிரித்த அன்றே சீதாவிடம், இனிமேல் நீ கொசுக்கடியில் நிற்க வேண்டாம், உள்ளே போய் நாடகம் பார் என்று சொன்னேன். அவளுக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். சரி என்றாள்.

அதற்குப் பிறகும் நாலைந்து நாள் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். ஒண்ணும் வேணாமா என்று கேட்பாள். வேண்டாம், எல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது என்பேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லியிருப்பேன், எனக்கு நினைவில்லை. ஒரு நாள் காப்பி கொண்டுவந்தாள். டெலஸ்கோப் ஆடிவிடும், அங்கேயே வை என்றேன். அதன் பிறகு வரவில்லை. நான் வெளியே மோட்டாரோடு, அவள் உள்ளே டிவியோடு, மூன்று வருடம் அப்படிப் போயிற்று. அந்த மூன்று வருடத்தில் எடுத்த படங்கள்தான் என் படங்களிலேயே மிகத் தெளிவானவை. கண்காட்சிக்குப் போன சனியும் அதில் ஒன்று. படத்தில் யார் பெயர் விட்டுப்போனது என்று நாம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். வீட்டில் நான் பெயர் சொல்வதில்லை. ‘இந்தா’ என்பேன், ‘மலரு அம்மா’ என்பேன், பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் தாதி வந்து பெயர் கேட்டபோது முழுப் பெயரைச் சொன்னேன். அவள் படுக்கையிலிருந்து என்னைப் பார்த்தாள். ஏன் பார்க்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

குரல் கிடைத்தால் நெஞ்சில் இருக்கும் பாரம் இறங்கிவிடும் என்றுதான் உங்களை அலைக்கழித்தேன். பாரம் இறங்கவில்லை, இன்னும் ஏறிக்கொண்டது. ஆனாலும் இது என்னிடம் இருக்கட்டும். கேட்டிருக்க வேண்டாமே என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. மலர்விழிக்கு மிச்ச ஐந்து நிமிடத்தை இன்னும் அனுப்பவில்லை. அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து அனுப்பப் போகிறேன். அவள் அம்மா சிரிப்பது அதில்தான் இருக்கிறது, அதை நான் வைத்துக்கொள்வது நியாயமில்லை.

இந்த வாரம் வியாழன் பூமிக்கு நெருங்கி வந்திருக்கிறது. மழை விட்டு மூன்று நாளாக வானம் துடைத்தாற்போல் இருக்கிறது. மழை நின்ற மறுநாள் லோகன் வந்து, அண்ணே இன்னிக்கு படம் எடுக்கலையா, இவ்வளவு பளிச்சுனு நிக்குதே என்று கேட்டார். கை வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொஞ்ச நாள் போகட்டும்.

அக்காவிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. சீதா அவரிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறாள் என்று இப்போது தெரிகிறது. வேறு நாட்களிலும் ஏதாவது சொல்லியிருப்பாள். என்னைப் பற்றியானாலும் சரி, கோழிக்குழம்பைப் பற்றியானாலும் சரி, நல்லதோ கெட்டதோ, நினைவுக்கு வந்ததை எழுதச் சொல்லுங்கள். கெட்டதைத் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் பொறுக்கி எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சத்தம் ஒருவர் காதில் விழுகிற தூரத்திலேயே நெடுங்காலம் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்காக ஒன்று செய்யுங்கள், பாய். அக்கா அடுத்த அறையில்தான் இருப்பார். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். என்ன வேண்டும் என்று வந்து கேட்டால், ஒன்றும் இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
சபாபதி